மோஷன் என்றால் இயக்கமா, ஓட்டமா, தீர்மானமா?

கோபியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய அப்புச்சியை ஈரோட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். காலையில் நர்ஸ் வந்து, "தாத்தா மோஷன் போனாருங்களா?" என்று கேட்டிருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து செமஸ்டருக்குப் படித்துக்கொண்டிருந்த பேத்தியின் மடியில் திறந்திருந்த பாடம் நியூட்டனின் 'லாஸ் ஆஃப் மோஷன்'. வார்டு டிவியில் 'நோ கான்ஃபிடன்ஸ் மோஷன்' என்று எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்தவர். "ஒரே சொல் எப்படி மூன்று இடத்திலும் வருகிறது? தமிழில் இதற்குச் சரியான சொல் எது? எல்லா இடத்திலும் இயக்கம் என்று எழுதினால் போதுமா?" என்று கேட்கிறார்.

போதாதுங்க அம்மணி. ஆனால் நீங்கள் இயக்கத்தில் தொடங்கியது சரியான இடம்தான். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் நான் இந்தச் சொல்லைக் கேட்ட இடத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொன்ன மூன்றிலும் அது இல்லை.

நான் பிறந்தது சோமனூர்ப் பக்கம், தறிக்குடோனை ஒட்டிய வீட்டில். பிறகு பாலிடெக்னிக்கில் நெசவுத் தொழில்நுட்பம் நடத்தினேன். எங்கள் வீட்டுக்குள் மோஷன் என்ற சொல் வந்தது டாக்டர் வழியாகவோ பாடப்புத்தகம் வழியாகவோ இல்லை. விசைத்தறி வழியாக வந்தது. துணி நெய்ய மூன்று வேலை அடிப்படை. நீளவாக்கில் ஓடும் பாவு இழைகளை மேலும் கீழுமாகப் பிரித்து, நூலைச் சுமந்து போகும் நாடாவுக்கு வழி திறக்க வேண்டும். திறந்த வழியில் நாடாவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு அடித்து, குறுக்கு இழையான ஊடையை விட வேண்டும். விட்ட ஊடையை, சீப்பு மாதிரி இருக்கும் அச்சு முன்னால் வந்து அடித்துத் துணியோடு சேர்க்க வேண்டும். ஷெட்டிங் மோஷன், பிக்கிங் மோஷன், பீட்டப் மோஷன் என்பவை இவைதான். நெய்த துணியைச் சுருட்டிக்கொள்ள டேக்கப் மோஷன். பாவு சுற்றிய உருளையான பீமிலிருந்து இழையை அளவாக விட்டுக்கொடுக்க லெட்டாஃப் மோஷன். இங்கே மோஷன் என்பது அசைவு என்ற பொருளைத் தாண்டிவிட்டது. அந்த அசைவைச் செய்யும் கருவித் தொகுதிக்கே, பல்சக்கரமும் நெம்புகோலும் சேர்ந்த அமைப்புக்கே அது பெயர். தமிழில் எழுதினால் 'இயங்கமைப்பு' என்று எழுதலாம். குடோனில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. "டேக்கப் பல்லு தேஞ்சு போச்சுங்க" என்றால் வேலை நடந்துவிடும்.

இதில் ஒன்றைக் கிட்டத்தில் காட்டுகிறேன். பழைய சாதாத் தறி நிமிடத்துக்கு 150 முறை அளவில் நாடாவை அடிக்கும். அதாவது உங்கள் நாடி ஒருமுறை துடிப்பதற்குள் நாடா அந்தப் பக்கம் போய்த் திரும்பி வந்துவிடும். இந்த வேகத்தில் ஊடை அறுந்தால் கண்ணால் பார்த்து நிறுத்த முடியாது. அதற்காக அச்சுக்குப் பக்கத்தில் முட்கரண்டி மாதிரி ஒரு சின்னக் கம்பி வைத்திருப்பார்கள். அச்சு முன்னால் வரும்போது, ஊடை இருந்தால் அந்த இழையே கம்பியைத் தள்ளிச் சாய்த்துவிடும். கம்பியின் வால் தூக்கிக்கொள்ளும். தறி தொடர்ந்து ஓடும். ஊடை இல்லாவிட்டால் தள்ள எதுவும் இல்லை. வால் கீழேயே இருந்து, பின்னால் ஆடிக்கொண்டிருக்கும் கொக்கியில் மாட்டும். கொக்கி இழுத்த இழுப்பில் கைப்பிடி தட்டிவிடப்பட்டுத் தறி நிற்கும். ஒற்றை நூல் இழைக்கு ஒரு முழுத் தறியை நிறுத்தும் உரிமை. இதற்கு வெஃப்ட் ஸ்டாப் மோஷன் என்று பெயர்.

பத்து வயதில் எனக்கு இது விளங்கவில்லை. மோஷன் என்றால் ஓடுவது என்று அப்பா சொல்லியிருந்தார். நிற்க வைக்கிற சாமானுக்கு எப்படி மோஷன் என்று பேர் என்று, தறி பழுது பார்க்கும் பிட்டரிடம் கேட்டேன். "நிறுத்தறதும் ஒரு வேலைதானே கண்ணு. அதை ஒண்ணு செய்யோணுமல்ல" என்றார். அன்றைக்கு அந்தப் பதிலைச் சும்மா கேட்டுக்கொண்டேன். நெசவு நடத்திய ஆண்டுகளில் அதைவிடத் துல்லியமாக என்னாலும் சொல்ல முடிந்ததில்லை. மோஷன் என்ற சொல்லுக்குள் 'அசைதல்' இருக்கிறது, 'அசைத்தல்' என்பதும் இருக்கிறது. இந்த இரண்டாவது பாதியைப் பிடித்துக்கொண்டால் உங்கள் மூன்று புதிரும் அவிழும்.

சொல்லின் வேர் லத்தீன். மோவெரே என்றால் நகர்தல், நகர்த்துதல் இரண்டும். அதன் பெயர்ச்சொல் வடிவம் மோதியோ. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து மோஷன் ஆனது. அதே வேரிலிருந்து பிறந்தவை நமக்கு நன்றாகப் பழக்கமானவை: மோட்டார், ப்ரமோஷன், எமோஷன், ரிமோட், மொமென்ட், மொபைல். ப்ரமோஷன் என்றால் முன்னால் நகர்த்துவது. ரிமோட் என்றால் தள்ளி நகர்த்தப்பட்டது, அதனால் தொலைவு. மோட்டார் என்றால் நகர்த்துகிறவன். கோயமுத்தூர்க்காரர்களுக்கு இந்தக் கடைசிச் சொல்லோடு தனி உறவு உண்டு. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் சேர்ந்து பீளமேட்டில் செய்த மோட்டார்தான் இந்தியாவிலேயே தயாரான முதல் மின்மோட்டார் என்று சொல்கிறார்கள். அதன் பிறகு தண்ணி மோட்டார் என்றாலே கோவை என்று ஆகிவிட்டது. காட்டில் கிணற்றுமேட்டில் நின்று "மோட்டார் ஓடுதா?" என்று கேட்கும் ஒவ்வொரு விவசாயியும் அந்த லத்தீன் சொல்லைத்தான் புழங்குகிறார்.

சரி, தமிழுக்கு வருவோம். தமிழில் அசைவைச் சொல்லும் வினைகள் பெரும்பாலும் ஜோடியாக வரும். ஓடு, ஓட்டு. ஆடு, ஆட்டு. உருள், உருட்டு. சுழல், சுழற்று. நகர், நகர்த்து. இயங்கு, இயக்கு. முதலாவது தானே செய்வது, இரண்டாவது செய்ய வைப்பது. தன்வினை, பிறவினை என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். தமிழன் வாயைத் திறக்கும்போதே எது அசைகிறது, யார் அசைக்கிறார் என்று முடிவு செய்துவிட வேண்டும். ஆங்கில 'மூவ்' அந்த முடிவைக் கேட்பதில்லை. இரண்டையும் அதே சொல் சுமக்கும்.

ஆனால் பெயர்ச்சொல்லுக்கு வரும்போது தமிழிலும் ஜோடி கலந்துவிடுகிறது. இயங்குவதும் இயக்கம், இயக்குவதும் இயக்கம். பூமியின் இயக்கம் என்கிறோம். அங்கே பூமி இயங்குகிறது. சினிமா டைட்டிலில் 'இயக்கம்' என்று போட்டு ஒரு பெயர் வருகிறது. அங்கே அவர் மற்றவர்களை இயக்குகிறார். திராவிட இயக்கம் என்கிறோம். அதில் மக்கள் இயங்குகிறார்களா, இயக்கப்படுகிறார்களா என்று பிரிக்கவே முடியாது. இரண்டும் நடக்கிறது. அதனால்தான் நீங்கள் இயக்கத்தில் தொடங்கியது சரி என்றேன். லத்தீன் மோதியோவுக்குள் இருக்கும் அந்த இரட்டைத் தன்மை தமிழில் இந்தச் சொல்லுக்குள்ளும் இருக்கிறது. பௌதிகத்தில் மோஷன் என்று எங்கே வந்தாலும் தயங்காமல் இயக்கம் என்று எழுதலாம்: நேர்கோட்டு இயக்கம், வட்ட இயக்கம், அலைவு இயக்கம், நியூட்டனின் இயக்க விதிகள்.

நியூட்டனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், உங்கள் பரீட்சைக்கும் உதவும். 1687இல் அவர் லத்தீனில் வெளியிட்ட நூலில் இரண்டாம் விதி 'மோஷனில் ஏற்படும் மாற்றம்' என்றுதான் சொல்கிறது. அங்கே மோஷன் என்று அவர் சொன்னது வெறும் நகர்வை இல்லை. நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கி வரும் அளவை, 'மோஷனின் அளவு' என்று முன்னாலேயே வரையறுத்துவிட்டு, அதைத்தான் குறிக்கிறார். இன்று அதற்கு மொமென்டம் என்று தனிப்பெயர். அதுவும் அதே லத்தீன் வேர். நம் பாடப்புத்தகம் அதை உந்தம் என்று தனியாக எழுதி, 'உந்தம் மாறும் வீதம் செயல்படும் விசைக்கு நேர்த்தகவில் இருக்கும்' என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறது. மூலத்தை விடத் தமிழ் வாக்கியம் குழப்பமில்லாமல் இருக்கும் இடம் அது. தமிழ் வழியில் படித்துவிட்டோமே என்று நீங்கள் கவலைப்படவே வேண்டாம்.

அதே பாடத்தில் வரும் முடுக்கம் என்ற சொல்லைப் பாருங்கள். சென்னையில் படிக்கிற பிள்ளைக்கு அது புத்தகச் சொல். கோபியில் பிறந்த உங்களுக்கு அது வாசல் சொல். "நாய் முடுக்குது, ஓடியா" என்று கத்தாத பிள்ளை நம் ஊரில் உண்டா? "மாட்டை முடுக்கிட்டுப் போய்க் கட்டுத்தாரையில கட்டு" என்பார்கள். முடுக்குவது என்றால் பின்னாலிருந்து விரட்டி வேகத்தைக் கூட்டுவது. ஆக்சிலரேஷன் அதுதான். காங்கேயம் காளை பூட்டிய ரேக்ளா வண்டியைக் கோட்டில் நிறுத்தி விடும்போது, வண்டி முதல் சில நொடியில் வேகம் ஏறுவதுதான் முடுக்கம். ஏறிய பிறகு அதே வேகத்தில் போனால் இயக்கம் உண்டு, முடுக்கம் இல்லை. இந்த வித்தியாசத்தை வகுப்பில் ரேக்ளாவை வைத்துச் சொன்னால் ஒரே தடவையில் பிடித்துக்கொள்வார்கள். சமன்பாட்டை மட்டும் எழுதிப்போட்டால் மூன்று தடவை சொல்ல வேண்டியிருக்கும்.

நியூட்டனின் முதல் விதிக்கு அவிநாசித் தேரைப் பாருங்கள். தமிழ்நாட்டின் மிகப் பெரிய தேர்களில் ஒன்று. சித்திரையில் வடம் பிடிக்கும்போது, இத்தனை பேர் இழுத்தும் முதலில் தேர் அசையாது. வடம் முறுகும், மரம் கிறீச்சிடும், கூட்டம் சத்தம் போடும், சக்கரம் அப்படியே நிற்கும். திடீரென்று ஒரு குலுக்கல். அசைந்த பிறகு அவ்வளவு இழுப்பு தேவைப்படாது. இதில் உராய்வுக்கும் பங்கு உண்டு. சொல்லப்போனால் அதற்குப் பிறகு கவலை எல்லாம் எப்படி நிறுத்துவது என்பதுதான். சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்கள் அப்போதுதான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வேலை செய்வார்கள். நிற்பது நிற்கவே பார்க்கும், ஓடுவது ஓடவே பார்க்கும். நிலைமம் என்று புத்தகம் சொல்வது இதைத்தான். தேர் ஊரைச் சுற்றி வந்து முடிந்ததும் 'தேர் நிலை சேர்ந்தது' என்கிறோம். நிலைமம் என்ற சொல்லிலும் அதே நிலைதான் இருக்கிறது. 'எல்லாத்துக்கும் முட்டுக்கட்டை போடுறான்' என்று மனுசனைச் சொல்வதும் தேரிலிருந்து இறங்கி வந்த பேச்சாகத்தான் இருக்க வேண்டும்.

ஓட்டம் என்ற சொல்லுக்கு இங்கே ஒரு வார்த்தை. பௌதிகத்துக்கு இயக்கம் என்றால், பேச்சுத் தமிழுக்கு ஓட்டம். தேரோட்டம், நீரோட்டம், ரத்த ஓட்டம், மின்னோட்டம், வெள்ளோட்டம், எண்ண ஓட்டம். போர் போடுவதற்கு முன்னால் நீரோட்டம் பார்க்கிறவரைக் கூட்டிவராத தோட்டம் நம் பக்கம் குறைவு. தறி நன்றாக ஓடினால் "நல்ல ஓட்டம்". மோஷனை மொழிபெயர்க்கும்போது ஓட்டம் பொருந்துகிற இடத்தில் இயக்கம் என்று போட்டால் வாக்கியம் விறைத்துப்போகும். 'மில் இயக்கம் நின்றது' என்று எழுதிப் பாருங்கள், யாரோ அறிக்கை வாசிக்கிற மாதிரி இருக்கும். 'மில் ஓடவில்லை' என்றால் வேலை போனவரின் முகம் தெரியும்.

வானத்தில் வேறு சொல். பிளானட்டரி மோஷன் என்பதைப் புத்தகம் கோள்களின் இயக்கம் என்கிறது. நம் வீட்டுக் காலண்டர் பெயர்ச்சி என்கிறது. சனி சூரியனை ஒருமுறை சுற்றிவர ஏறக்குறைய 29½ ஆண்டு. அதைப் பன்னிரண்டு ராசிக்குப் பங்கிட்டால் ராசிக்கு இரண்டரை ஆண்டு. குரு சுற்ற கிட்டத்தட்ட 12 ஆண்டு. ராசிக்கு ஓர் ஆண்டு. சனிப்பெயர்ச்சி, குருப்பெயர்ச்சி இரண்டுக்கும் உள்ள இடைவெளி இந்தக் கணக்கிலிருந்து வருவது. பலன் பார்ப்பது அவரவர் விருப்பம். கணக்கு உண்மையான வானக் கணக்கு. பௌதிகத்தில் டிஸ்பிளேஸ்மென்ட்டை இடப்பெயர்ச்சி என்று சொன்னவர் யாரோ, பொருத்தமான சொல்லாகத்தான் எடுத்திருக்கிறார்.

கோள் 'வக்கிரம்' ஆவது என்று ஜோசியர் சொல்வதும் ஒரு மோஷன்தான், ரெட்ரோகிரேட் மோஷன். கோள் பின்னால் போகிற மாதிரி தெரியும். உண்மையில் போவதில்லை. அவிநாசி ரோட்டில் உங்கள் பஸ் ஒரு லாரியை முந்தும்போது, தூரத்துக் கட்டடங்களை வைத்துப் பார்த்தால் லாரி பின்னால் நழுவுகிற மாதிரி இருக்குமல்லவா? உள்வட்டத்தில் வேகமாகச் சுற்றும் பூமி, வெளிவட்டத்தில் மெதுவாகப் போகும் சனியை முந்தும்போது அதே காட்சி. இதைச் சார்பியக்கம் என்று உங்கள் பாடம் சொல்லும்.

மோஷன் சிக்னஸ் என்பதை 'இயக்க நோய்' என்று மொழிபெயர்த்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள். ஏதோ இயக்கத்தில் சேர்ந்து வந்த நோய் போல இருக்கிறது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. ஏறுகிற பஸ்ஸில் பாதிப் பேர் கையில் எலுமிச்சம்பழம் இருக்கும். வளைவுக்கு வளைவு உள்காதில் இருக்கும் திரவம் 'உடம்பு திரும்புகிறது' என்று சொல்கிறது; முன் சீட்டின் முதுகையோ போனையோ பார்த்துக்கொண்டிருக்கும் கண் 'ஒன்றும் அசையவில்லை' என்கிறது. இரண்டு சாட்சியும் முரண்படுவதால் வருவது அந்தக் குமட்டல். அதனால்தான் ஜன்னல் வழியாகத் தூரத்து மலையைப் பார்த்துக்கொண்டு வந்தால் கொஞ்சம் தேவலாம். நம் ஊரில் இதற்கு "எனக்கு பஸ்ஸு ஒத்துக்காதுங்க" என்று சொல்வார்கள். பயணக் குமட்டல் என்று எழுதலாம். பேச்சில் பஸ் ஒத்துக்காது என்பதே போதும்.

சினிமா. மோஷன் பிக்சர் என்றால் அசைகிற படம். பழைய தமிழில் சலனப்படம் என்று அழகாகச் சொன்னார்கள். சாமிக்கண்ணு வின்சென்ட் ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டினார். 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். தென்னிந்தியாவின் முதல் நிரந்தரத் திரையரங்குகளில் ஒன்று. அது நின்ற தெருவுக்கே இன்றும் அந்தப் பெயர். ஸ்லோ மோஷனுக்கு யாரும் தமிழ் தேடுவதில்லை, தேடவும் வேண்டாம். நொடிக்கு 24 படமாக ஓட்ட வேண்டியதை எடுக்கும்போது அதைவிட வேகமாக எடுத்துவிட்டு, திரும்ப 24இல் ஓட்டினால் காட்சி மெதுவாகும். வேகமாக எடுத்தால் மெதுவாகத் தெரியும் என்பதைப் பிள்ளைகள் ஒருநிமிடம் யோசித்துத்தான் ஒப்புக்கொள்வார்கள்.

இங்கே என் தறிச்சொல் திரும்ப வருகிறது. சினிமாவிலும் ஸ்டாப் மோஷன் உண்டு. பொம்மையைக் கொஞ்சம் நகர்த்தி ஒரு படம், இன்னும் கொஞ்சம் நகர்த்தி ஒரு படம் என்று எடுத்து, சேர்த்து ஓட்டி, பொம்மை தானே நடப்பதாகக் காட்டுவது. குடோனில் ஸ்டாப் மோஷன் என்றால் ஓடுவதை நிறுத்துவது. ஸ்டுடியோவில் அதே இரண்டு சொல், நிற்பதை ஓட வைப்பது. இன்னொன்று: நானூறு ஆண்டுக்கு முன்னால் ஆங்கிலத்தில் பொம்மலாட்டத்துக்கே மோஷன் என்று பெயர் இருந்தது. ஷேக்ஸ்பியர் அந்தப் பொருளில் எழுதியிருக்கிறார். பொம்மை தானே ஆடவில்லை, ஆட்டுகிறார்கள். மறுபடியும் அந்தப் பிறவினை.

இப்போது டிவியில் ஓடிய நோ கான்ஃபிடன்ஸ் மோஷனுக்கு வருவோம். சபையில் ஓர் உறுப்பினர் எழுந்து ஒரு விஷயத்தைச் சபையின் முன்னால் நகர்த்தி வைக்கிறார். ஆங்கிலத்தில் அவர் சொல்லும் வாசகத்திலேயே 'ஐ மூவ்' என்று வரும். அவர் தள்ளியது சபையில் ஓட ஆரம்பிக்கிறது; வேறு யாராவது ஆதரிக்க வேண்டும், விவாதம், பிறகு வாக்கெடுப்பு. தமிழில் இதைத் தீர்மானம் என்கிறோம்: நம்பிக்கையில்லாத் தீர்மானம், கவன ஈர்ப்புத் தீர்மானம், ஒத்திவைப்புத் தீர்மானம். சொல் ஊன்றிவிட்டது, மாற்றச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு குறை இருக்கிறது. தீர்மானம் என்றால் தீர்ந்துபோன முடிவு. மோஷன் என்பது முடிவாவதற்கு முந்தைய நிலை. சபை ஏற்றுக்கொண்ட பிறகுதான் அது முடிவு, ஆங்கிலத்தில் ரெசல்யூஷன். நாம் இரண்டையும் ஒரே சொல்லால் சொல்வதால் 'தீர்மானம் தோற்றது' என்று எழுத வேண்டியிருக்கிறது. தீர்மானித்தது எப்படித் தோற்கும் என்று ஒரு பிள்ளை கேட்டால் பதில் சொல்லச் சிரமம். 1963 ஆகஸ்டில் நேரு அரசின் மீது கிருபளானி கொண்டுவந்ததுதான் மக்களவையின் முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானம். ஆதரவு 62, எதிர்ப்பு 347. மோஷன் வந்தது, ரெசல்யூஷன் ஆகவில்லை.

இலங்கைத் தமிழர்கள் இதைப் பிரேரணை என்கிறார்கள். வடமொழிச் சொல்தான், ஆனால் பொருள் அப்படியே உந்துதல், தூண்டுதல். மோஷனின் பழைய உயிர் அதில் இருக்கிறது. நம்மிடம் அதைவிட நல்ல வினை இருக்கிறது: முன்மொழிதல், வழிமொழிதல். ஊர்க் கூட்டுறவுச் சங்கப் பேரவையில்கூட இந்த இரண்டு சொல்லும் மினிட்ஸ் புத்தகத்தில் இருக்கும். முன்னால் மொழிகிறார் ஒருவர், அவர் வழியே மொழிகிறார் இன்னொருவர். சொல்லே நடந்து போகிறது. மத்திய சட்டசபைக்கு 1933இல் தலைவரானவர் கோவையைச் சேர்ந்த ஆர்.கே. சண்முகம் செட்டியார். பிறகு சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர் ஆனவர். அந்த நாற்காலியில் உட்கார்ந்து எத்தனை மோஷனை வாக்குக்கு விட்டிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

கோர்ட்டுக்கும் இதே வழிதான். சென்னை உயர் நீதிமன்றத்தில் அவசர வழக்கை அன்றைக்கே எடுக்கக் கோருவது 'லஞ்ச் மோஷன்'. விடுமுறை நாளில் நீதிபதியின் வீட்டிலேயே விசாரிக்கக் கேட்பது 'ஹவுஸ் மோஷன்'. மதியச் சாப்பாட்டோடு சம்பந்தப்பட்ட ஏதோ என்று முதல் தடவை கேட்பவருக்குத் தோன்றும். சாப்பாட்டு இடைவேளையை ஒட்டிய நேரம் என்பது மட்டும்தான் சம்பந்தம். நீதிமன்றம் யாரும் கேட்காமல் வழக்கை எடுத்தால் 'சூமோட்டோ' என்று செய்தி வரும். அதிலும் மோஷன் ஒளிந்திருக்கிறது: 'தன் சொந்த அசைவால்' என்று லத்தீன். பத்திரிகைக்காரர்கள் 'தாமாக முன்வந்து' என்று எழுதுகிறார்கள். எனக்குத் தெரிந்து மோஷனுக்கு வந்த மொழிபெயர்ப்புகளில் மிக அழகானது இதுதான். முன்வருவது என்பதில் அசைவும் இருக்கிறது, மனமும் இருக்கிறது.

மனம் என்றதும் எமோஷன். வெளியே அசைந்து வருவது. ஆங்கிலத்தில் ஒரு செய்தி கேட்டு 'ஐ வாஸ் மூவ்டு' என்பார்கள். தமிழ் மனம் நகர்வதில்லை. நெகிழும், உருகும், இளகும், பதறும். ஆனால் கண் ஓடும். திருக்குறளில் 58ஆம் அதிகாரம் கண்ணோட்டம். இன்று அந்தச் சொல்லைப் 'பார்வைக் கோணம்' என்ற பொருளில் புழங்குகிறோம். வள்ளுவர் சொன்னது இரக்கம். பழகியவர் மேல் கண் தானாக ஓடிப் படிவது.

கடைசியாக, நர்ஸ் கேட்ட கேள்வி. இதைப் பற்றி எழுதத்தான் நான் இந்தக் கேள்வியையே எடுத்தேன்.

ஆங்கிலத்தில் மலம் கழிவதை மோஷன் என்று சொல்வது நானூறு ஆண்டுப் பழக்கம். குடல் அசைந்து வெளியே தள்ளுவதால் அந்தப் பெயர். மறைவாகச் சொல்வது மாதிரி இருந்தாலும், உடலியல்படி சரியான பெயர். குடல் சும்மா ஒரு குழாய் இல்லை. அதன் சுவரில் இருக்கும் தசைகள் அலை அலையாகச் சுருங்கி, உள்ளே இருப்பதை முன்னால் தள்ளிக்கொண்டே இருக்கும். வயிற்று ஆபரேஷனுக்குப் பிறகு அந்த அலை சிறிது காலம் அடங்கிவிடும். சில வலி மருந்துகளும் அதை மந்தமாக்கும். காற்றுப் பிரிந்ததா, மோஷன் போனதா என்று டாக்டர் திரும்பத் திரும்பக் கேட்பது அதற்குத்தான். நின்ற தறி மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டதா என்று கேட்கிறார்.

நம் ஊரும் இதை அசைவாகத்தான் சொல்கிறது. வெளிக்குப் போறது, காட்டுக்குப் போறது, வயித்தால போறது. இலங்கையில் பேதியை வயிற்றோட்டம் என்பார்கள், அங்கேயும் ஓட்டம். நேராகச் சொல்லக் கூசும்போது மொழி போதல், கழிதல் என்று அசைவுக்குப் பின்னால்தான் ஒதுங்குகிறது. சிக்கல் எங்கே வருகிறது என்றால், ஒதுங்குவதற்கு எடுத்த சொல் கேட்கிறவருக்குத் தெரியாதபோது.

என் அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தது. அவர் வயசுக்கு வந்ததிலிருந்து தறிக்குடோனில் தார் (நாடாவுக்குள் வைக்கும் நூல்கட்டை) சுற்றியவர், தறியும் ஓட்டியவர். ஆபரேஷன் முடிந்து மறுநாள் காலையில் நர்ஸ், "அம்மா, மோஷன் எப்படி இருக்கு? பிரச்சனை இல்லையே?" என்று கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு அந்தச் சொல் தெரியும், அதுதான் வினை. வீட்டில் டேக்கப் மோஷன் பழுதாகிக் கிடந்தது. நாங்கள் அதைப் பற்றி வார்டில் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுத்தான் விசாரிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, "அதெல்லாம் சரி பண்ணியாச்சுங்க" என்றார். நர்ஸ் சீட்டில் டிக் போட்டுவிட்டார். அடுத்த நாளும் கேள்வி, "ஓடுதுங்க" என்று பதில், டிக். மூன்றாம் நாள் வயிறு கல்லாக உப்பிக்கொண்டது. சாப்பாடு இறங்கவில்லை. அம்மா வலியை வாய்விட்டுச் சொல்கிற ஆள் இல்லை. தையல் வலி என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் பார்க்க வந்த சின்னம்மாதான் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஏக்கா, வெளிக்குப் போனியா?" என்று கேட்டார். "எங்க போறது, வந்ததுலருந்தே இல்ல." அதற்குப் பிறகு டாக்டர் வந்து பார்த்து, மருந்து கொடுத்து, எனிமா வைத்து, இரவு பத்து மணிக்கு மேல்தான் அம்மா கண்ணை மூடினார்.

நர்ஸ் மேல் எனக்குக் கோபம் இல்லை. முப்பது படுக்கைக்கு ஒற்றை ஆளாக ஓடிக்கொண்டிருந்தார். ஆனால் வார்டில் நின்று கேட்கிற ஒவ்வொருவரும் அந்த ஊர்ச்சொல்லையும் சேர்த்துக் கேட்டுவிட வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன். "மோஷன் போனீங்களா, வெளிக்குப் போனீங்களா?" என்று இரண்டு சொல் கூடக் கேட்பதற்கு ஒரு நொடி ஆகும். நெசவுப் பாடம் எடுத்த அத்தனை ஆண்டும், மோஷன் என்று முதல்முறை சொல்லும் வகுப்பில் இந்தக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் ஷெட்டிங்குக்குப் போவேன். தறி பிட்டராகப் போகிற பிள்ளைகளுக்கும் வீட்டில் அம்மா இருப்பார்.

நாளைக் காலையில் நர்ஸ் வருவதற்கு முன்னால் உங்கள் அப்புச்சியிடம் நீங்களே கேட்டுவிடுங்கள். "அப்புச்சி, வெளிக்குப் போனீங்களா? எத்தனை தடவை? கட்டியாப் போச்சா, தண்ணியாப் போச்சா?" பேத்தியிடம் சொல்லக் கூச்சப்பட்டால் மாமாவை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். தண்ணியாக மூன்று தடவைக்கு மேல் என்றால் கணக்கு விடாமல் குறித்து வையுங்கள், உப்புச்சர்க்கரைக் கரைசல் கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு போய், "நேத்து ராத்திரியில இருந்து மோஷன் ரெண்டு தடவை போயிருக்காருங்க" என்று நர்ஸிடம் சொல்லிவிடுங்கள்.